பிரட்டுக்களமும் படுகளமும்: வீரகதையில் நிலைக்களம் பற்றிய ஒரு நோக்கு

இலக்கியத்துக்குரிய பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். சிறப்பு நோக்கில் உரிப்பொருளே மேம்பட்டது என்பது அவர் கருத்தாயினும், நிலமின்றி ஒழுக்கம் பிறவாது என்ற எண்ணம் அவ்வகுப்பினுள் அடங்கியிருக்கிறது. மேலைத்தேயத் திறனாய்வின் வழிவந்த கட்டுரைகளோ கதைமாந்தரையும் கதைப்பின்னலையும் பேசி முடித்த பின்னரே நிலைக்களத்துக்கு வருகின்றன; நாடக மேடையின் பின்திரை போல அதனைக் கருதுகின்றன. தனிமனிதரின் அகவாழ்வைச் சித்திரிக்கும் நாவலுக்கு இது ஓரளவு பொருந்தலாம். வீரகதைக்குச் சற்றும் பொருந்தாது. வீரகதையில் நிலமே வழக்குப் பொருள். நிலம் யாருடையது, அதை இழந்தவர் யார், மீட்டவர் யார் என்பதே அங்குக் கதை. அத்தகைய கதையைச் சொந்த நிலமற்ற மக்கள் பாடி ஆடும்போது அதன் நிலைக்களம் என்னவாகிறது? மலையகத் தோட்டங்களில் வழங்கிவரும் பொன்னர் சங்கர் கூத்து இவ்வினாவுக்குத் தக்க சான்றாகும். ஆர்தர் மன்னன் கதையை அதன் அருகில் வைத்து நோக்கின் விடயம் மேலும் தெளிவுபெறும்.

ஆர்தர் கதை தோல்வியுற்றோரின் கதையாகவே தொடங்கியது. உரோமர் பிரித்தானியத் தீவைவிட்டு நீங்கிய பின்னர், கிழக்கிலிருந்து வந்த சாக்சன்களிடம் தம் நிலத்தைப் படிப்படியாக இழந்த பழங்குடியினர் மேற்கே வேல்சுக்கும் கோர்ன்வாலுக்கும் ஒதுங்கினர். சாக்சன்களை எதிர்த்துப் பொருத தலைவனாக ஆர்தரை நினைவிற் காத்தவர்கள் அவர்களே. ஏறத்தாழ 1136ஆம் ஆண்டளவில் மொன்மத் ஊரினரான ஜெப்ரி இலத்தீன் மொழியில் எழுதிய அரசர் வரலாற்றில் ஆர்தர் கோர்ன்வாலின் டின்டாஜலிற் கருக்கொண்டதாகக் கூறப்படுகிறது. ஆர்தரின் தலைநகராக இன்று உலகறிந்த கேமலொட்டோ அந்நூலில் இல்லை. அது 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கிறெத்தியன் என்ற பிரெஞ்சுக் கவிஞரின் கதையொன்றில் முதன்முதலாக எட்டிப்பார்க்கிறது. 1485இல் அச்சேறிய தோமஸ் மலோரியின் நூலில் அது வின்செஸ்டர் நகராகிவிடுகிறது. ஒரு பெயர் இவ்வாறு ஊர் ஊராக அலைந்தமைக்குக் காரணம் புலவரின் கவனக்குறைவன்று. கதைக்கு உரிமை கோரியோர் மாறிக்கொண்டிருந்தமையேயாகும்.

இவ்வுரிமைக் கோரிக்கை எந்த அளவுக்குச் சென்றது என்பதைக் கிளாஸ்டன்பரி மடத்தின் வரலாறு காட்டும். 1184இல் அம்மடம் தீக்கிரையாயிற்று. புதுக் கட்டடத்துக்குப் பணம் வேண்டியிருந்த 1191ஆம் ஆண்டளவில், ஆர்தரின் புதைகுழியைத் தம் வளவிலேயே கண்டெடுத்ததாக அம்மடத்துத் துறவிகள் அறிவித்தனர். யாத்திரிகர் திரண்டனர். 1278இல் முதலாம் எட்வர்ட் மன்னனே நேரில் வந்து அவ்வெலும்புகளை மறுபடி அடக்கம் செய்வித்தான். அடுத்த சில ஆண்டுகளில் வேல்சு அவன் கைப்பட்டது. ஆர்தர் மாளவில்லை, அவலோன் தீவில் உறங்குகிறான், ஒருநாள் மீண்டு வருவான் என்று நம்பியிருந்த வேல்சு மக்களுக்கு ஆங்கில மன்னன் காட்டிய விடை அப்புதைகுழி. கதையின் நிலைக்களத்தைக் கைப்பற்றியவன் கதையையும் கைப்பற்றினான் எனலாம்.

நம் காலத்து ஆங்கில அதீத கற்பனை நாவல்கள் இவ்வழக்கையே வேறு வகையில் தொடர்கின்றன. 1963இல் வெளிவந்த ரோஸ்மேரி சட்கிளிப்பின் நாவல் கற்கோட்டைகளையும் வேட்டுக்கவசங்களையும் நீக்கிவிட்டு, உரோமர் கைவிட்ட பாதைகளையும் மண்ணரண் சூழ்ந்த குன்றுகளையும் ஆர்தருக்குத் திருப்பியளித்தது. மேரியன் சிம்மர் பிராட்லியின் 1983ஆம் ஆண்டு நாவலில் அவலோன், பழைய சமயத்தை நம்புவோர்க்கு மட்டும் தோன்றி ஏனையோர்க்கு மூடுபனியில் மறையும் தீவாகிறது. இரண்டிலும் போருக்குக் காரணம் நிலமே. ஒன்றில் மண்ணாகவும் மற்றதில் மறையும் புனிதத் தலமாகவும் அது நிற்கிறது. 1966 முதல் 1970 வரை தென் கட்பரிக் குன்றில் நிகழ்ந்த அகழ்வாய்வுங்கூட, கேமலொட் அங்கே இருந்திருக்கலாம் என்ற பொதுமக்கள் ஆவலினால் ஊக்கம் பெற்றதாகும்.

ஈண்டு முக்கியமாகக் கவனிக்கவேண்டியது பிரிட்டனியின் நிலை. சாக்சன் நெருக்கடிக் காலத்தில் தீவின் பழங்குடியினருட் பலர் கடல் கடந்து இன்றைய பிரான்சின் வடமேற்கு முனையிற் குடியேறினர்; அந்நிலப்பகுதிக்குப் பிரிட்டனி என்ற பெயர் வந்ததே அவர்களால்தான். அவர்கள் மொழியையும் கதையையும் உடன்கொண்டு சென்றனர். புதிய நிலத்தின் காடே பின்னர் அவர்களது கதைக்காடாயிற்று. புரோசெலியாண்ட் எனக் கதைகளிற் கூறப்படும் வனம் அங்குள்ள பெம்போன் காடே என்பர். மாயவித்தகன் மேர்லினின் கல்லறை என்று ஓரிடத்தை அங்கு இன்றும் காட்டுவர். 12ஆம் நூற்றாண்டுப் புலவரான வாஸ், புரோசெலியாண்ட் வனத்தின் அற்புதங்களைத் தேடிச் சென்று எதனையும் காணாது திரும்பியதைத் தாமே எழுதிவைத்திருக்கிறார். அற்புதம் கிடைக்காவிடினும் காடு கதைக்குரியதாகிவிட்டது. குடிபெயர்ந்தோர் புதிய மண்ணிற் கதையை ஊன்றினர்; அது வேர்கொண்டது.

கடல் கடந்து குடிபெயர்ந்தோர் தம்முடன் ஒரு வீரகதையைக் கொண்டுசென்றமை மலையகத்திலும் நிகழ்ந்தது. ஆயின் இங்கே கதை வேறுவகையாக நடந்துகொண்டது. அவ்வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ் வீரகதை மரபைக் கெல்திய மரபோடு ஒப்பிடுதல் புதுமுயற்சியன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வுநூல், சங்க வீரப்பாடல்களைக் கிரேக்க, ஐரிய, வேல்சுப் பாடல்களோடு இணைத்து நோக்கியது. ஆயினும் அவ்வொப்பீடு சான்றோர் செய்யுளோடு நின்றது. பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் முன்னின்று மேடையேற்றிய கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) ஆகியன நாட்டுக்கூத்துக்குப் பல்கலைக்கழக மதிப்பைத் தேடித்தந்தன. ஆனால் அக்கவனம் பெரிதும் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணக் கூத்துகளின்பாற் சென்றது. பேராதனையிலிருந்து ஒரு சில மணிநேர ரயில் பயணத்தில் எட்டக்கூடிய தோட்டங்களில் விடிய விடிய ஆடப்பெற்ற கூத்துகள் அத்துணைக் கவனம் பெறவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தமையும், மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதியமையும் அக்குறையை ஓரளவு நிறைவுசெய்தன.

இலங்கை மலைகளுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்த வரலாறு பலரும் அறிந்ததே. 1830களிற் பெருகிய கோப்பிச் செய்கை திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து அவர்களை இழுத்தது. மன்னாரிற் கரையேறி, காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தோருட் பலர் வழியிலேயே மாண்டனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இற் கோப்பி இலைகளைப் பற்றிய நோய் சில ஆண்டுகளில் அச்செய்கையையே அழித்தது. மலைகள் தேயிலைக்கு மாறின. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது.

இவற்றோடு வந்த ஒன்று, பெயர். காட்டை வெட்டித் தோட்டம் திறந்த துரைமாருட் பலர் ஸ்கொத்லாந்தினர். அவர்கள் தம் நாட்டு மலைகளின் பெயர்களையும், தாம் படித்த கதைகளின் பெயர்களையும் இம்மலைகளுக்குச் சூட்டினர். அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டம் வேவர்லி எனப்பட்டது; அது வால்டர் ஸ்கொட் 1814இல் எழுதிய நாவலின் பெயர். பூண்டுலோயாவில் ஒரு தோட்டம் டன்சினேன்; சேக்சுபியரின் மக்பெத் நாடகத்தில் எந்தக் குன்றை நோக்கிக் காடு நகர்ந்து வந்தபோது அரசன் அழிந்தானோ அந்தக் குன்றின் பெயர் அது. பூண்டுலோயாவிற் காடு நகர்ந்து வரவில்லை, அகற்றப்பட்டது. டெனிசன் ஆர்தர் கதையைக் காவியமாகப் பாடிவந்த 1859 முதல் 1885 வரையான ஆண்டுகளும், திம்புள்ள, டிக்கோயாப் பள்ளத்தாக்குகள் தோட்டங்களாக மாறிய ஆண்டுகளும் பெரும்பாலும் ஒன்றே. ஆங்கில இலக்கியத்தின் நிலைக்களம் ஒன்று தேயிலையோடு சேர்த்து இம்மலைகளில் நடப்பட்டது என்றே கூறவேண்டும்.

தொழிலாளர் இப்பெயர்களைத் தம் நாவுக்கேற்ப மாற்றி வழங்கினர். பல தோட்டங்களுக்குத் தாமே தமிழ்ப்பெயர் இட்டும் வழங்கினர். ஆனால் அன்றாட வேலையில் அவர்களுக்கு நிலம் எண்ணாகவே வந்தது. தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியும் ‘மலை’ எனப்பட்டது. ஐந்தாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்று அது அழைக்கப்பட்டது. மலைக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு ‘நிரை’ தரப்பட்டது. சங்கப் பாடல்களில் வீரன் கவர்ந்தும் மீட்டும் புகழ்கொண்ட ஆநிரையைக் குறித்த சொல், இங்கே கொழுந்து பறிப்பவள் அன்றைக்குப் பிடித்து முடிக்கவேண்டிய தேயிலை வரிசையைக் குறித்தது. விடியலில் தப்புச் சத்தம் கேட்டதும் எல்லோரும் சென்று நிற்கும் இடம் பிரட்டுக்களம். ஆங்கிலப் படையணி வகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்பதிலிருந்து பிறந்த சொல் இது. பெயர் கூப்பிடப்படுவதும், வேலை பகிரப்படுவதும், பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்படுவதும் அங்கேதான். தமிழில் நெற்களம், போர்க்களம் என வரும் ‘களம்’ என்ற சொல் இவ்வாறு மூன்றாவது பொருளொன்றைப் பெற்றது.

இனிக் கூத்துக்கு வருவோம். பொன்னர் சங்கர் கதை அண்ணன்மார் கதை எனக் கொங்குநாட்டில் வழங்குவது. கொங்கு வேளாளரின் குலகதையாகவும் வழிபாடாகவும் அங்கு நிலைபெற்றது. பிரெண்டா பெக் என்னும் ஆய்வாளர் 1965இல் கொங்குக் கிராமமொன்றில் இதனை ஒலிப்பதிவு செய்து, 1982இல் ஆய்வுநூலொன்றும் வெளியிட்டார். மு. கருணாநிதி இதனை நாவலாக எழுதினார். 2011இல் அது திரைப்படமாயிற்று. வடிவங்கள் பலவாயினும் கதையின் அடிப்படை ஒன்றே. குன்னுடையான் இளமையிற் பெற்றோரை இழந்து, பங்காளிகளால் நிலம் பறிக்கப்பட்டு, பிறர் வீட்டில் மாடு மேய்த்து வளர்கிறான். தாமரையை மணந்து வளநாட்டில் தன் உரிமையை மீட்கிறான். நெடுங்காலம் பிள்ளையின்றி வருந்திய தாமரை தவமிருந்து பொன்னர், சங்கர் என்ற இரு மைந்தரையும் தங்காள் என்ற மகளையும் பெறுகிறாள். உழவரான இச்சகோதரர்க்கும் காட்டை ஆளும் தலையூர்க் காளியின் வேட்டுவர்க்கும் பகை மூள்கிறது. கொம்பன் என்ற பெரும்பன்றி வயல்களை அழிக்கிறது. அதனைக் கொல்ல உதவுபவன் சாம்புவன். இறுதிப் போரிற் சகோதரர் இருவரும் தம் வாளாலேயே மடிகின்றனர். தங்காள் களம் தேடிச் சென்று, தெய்வ அருளால் அவர்களைச் சிறிதுபொழுது உயிர்ப்பித்துப் பேசவைக்கிறாள்.

ஆர்தரும் மைந்தன் மோர்ட்ரெட்டும் ஒருவரையொருவர் வெட்டி வீழ்ந்த கம்லான் போர்க்களம் எங்குள்ளது என்பதை இன்றுவரை எவரும் உறுதியாகக் கூறவில்லை. பொன்னர் சங்கரின் படுகளம் எங்குள்ளது என்பதில் ஐயமேயில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மணப்பாறையை அடுத்த வீரப்பூரே அது. மாசி மாதத்தில் அங்கு அவ்வீழ்ச்சியும் மீட்சியும் ஆண்டுதோறும் விழாவாக நிகழ்கின்றன. ஆர்தரின் நிலைக்களம் நெகிழ்வானது. எவரும் இழுத்துச் செல்லக்கூடியது. அண்ணன்மாரின் நிலைக்களம் வயலும் வரப்பும் மடையும் கோயிலுமாக இறுகியது. வளநாட்டையும் தலையூரையும் நீக்கிவிட்டால் உழவர்க்கும் வேட்டுவர்க்கும் இடையிலான அப்பகைக்கே பொருளில்லை.

தோட்டத்தில் இக்கதை ஆடப்பெற்ற இடத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். அட்டனிலிருந்து நுவரெலியா வரை மட்டமான நிலம் அரிது. சரிவெல்லாம் தேயிலை, அதிற் கால்வைத்துக் கூத்தாட எவருக்கும் உரிமையில்லை. எஞ்சியிருப்பன மாரியம்மன் கோயில் முற்றம், லயத்து வாசல், இஸ்டோருக்கு அருகான வெளி, பிரட்டுக்களம் ஆகிய சில இடங்களே. இவற்றுள் ஏதோவொன்றே வளநாடாகவும் வேட்டுவர் காடாகவும் மாறவேண்டியிருந்தது. பொழுதும் இதற்கு இசைந்தது. மேற்கு மலைச்சரிவுகளிற் சனவரி முதல் மார்ச்சு வரை வறட்சியும் இரவுக் குளிரும் மிகுந்த காலம். சந்தையில் உயர்ந்த விலைபோகும் தேயிலை கிடைப்பினும் கொழுந்து குறைவு. மழையற்ற மாசி இரவு கூத்துக்கு வாய்ப்பானது. வேலைக்கு அழைக்கும் அதே தப்பு அவ்விரவிற் போரை அறிவித்தது. விடியலில் வீரர்கள் வீழ்ந்து கிடக்கும் படுகளத்தைச் சுற்றி ஊரே நின்று அழுத வேளைக்கும், பிரட்டுக்குத் தப்பு ஒலிக்கும் வேளைக்கும் இடையிலிருந்த காலம் மிகக் குறுகியது. முந்தைய நாள் பெயர் கூப்பிடப்பட்டு நின்றவனே அவ்விரவிற் சங்கராக வாளேந்தினான். காலையில் மீண்டும் பெயருக்கு நின்றான்.

இத்துணை நெருக்கமாகத் தோட்டத்து மண்ணில் ஆடப்பெற்றும், கதையின் நிலைக்களம் தோட்டத்துக்கு மாறவில்லை என்பதே வியப்புக்குரியது. பிரிட்டனியில் மேர்லினுக்குக் கல்லறை எழுந்தது போல அட்டனில் அண்ணன்மாருக்கு ஒரு படுகளம் எழவில்லை. சகோதரர் மகாவலிக் கரையிற் பொருததாகவோ, சிவனொளிபாத மலையிற் கொம்பனை மடக்கியதாகவோ கதை திரிபடையவில்லை. வளநாடு வளநாடாகவும் வீரப்பூர் வீரப்பூராகவுமே நின்றன. ஏர் பூட்டுவதைக் கண்ணாற் காணாத மூன்றாந் தலைமுறையும் ஏரையும் மடையையும் பாடலிற் கேட்டது. கொம்பன் வயலை அழிக்கும் பகுதி ஒன்றே விதிவிலக்கு எனலாம். லயத்துக்குப் பின்னால் மரக்கறி நட்டவர்க்குக் காட்டுப்பன்றியின் அட்டகாசத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை.

காரணம் தேடுவோர் பொதுவாக மரபின் இறுக்கத்தைக் காட்டுவர். அது முழு விடையன்று. பிரிட்டனிக்குச் சென்றோர் அங்கு உழுத நிலத்தைத் தமதாக்கிக்கொண்டனர். சொந்த நிலத்திற் சொந்தக் கதை ஊன்றப்பட்டது. தோட்டத் தொழிலாளருக்கோ அவர்கள் படுத்துறங்கிய காம்பராவும் சொந்தமன்று. வேலை போனால் வீடும் போயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்துத் தம்மவர் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அவர்களுள் ஒருவரான சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கொல்லை உறுப்பினராக இருந்த காலத்திலேயே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். அச்சட்டத்தின்கீழும் அதனைத் தொடர்ந்த சட்டங்களின்கீழும் ஒருவரிடம் கேட்கப்பட்ட வினா, அவர் எந்த இடத்தவர் என்பதே. வீரகதையை ஒரு நிலத்திற்கு மாற்றுதல் அந்நிலத்தைத் தமது என்று சொல்வதாகும். அவ்வாறு சொல்லும் உரிமை மறுக்கப்பட்டோர், சொல்ல உரிமையுள்ள இடத்தையே பாடலில் வைத்துக்கொண்டனர்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கதை நிலவுடைமை வேளாளருடையது. தோட்டத் தொழிலாளருட் பெரும்பான்மையோர் கொங்குநாட்டவருமல்லர், நிலமுடையோருமல்லர். ஒடுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்தோரே பலர். வளநாடு அவர்களுக்கு எவ்வாறு சொந்தமாகும்? மறுப்பு வலுவானதே. ஆயின் மலையேறியபின் எல்லோரும் கூலிகளாயினர் என்பதையும், கதையின் முற்பகுதி நிலத்தை இழந்து பிறர் மாட்டை மேய்த்தவனின் கதை என்பதையும் மறத்தலாகாது. மேலும், முரசறைவோனாகவும் ஒடுக்கப்பட்ட குலத்தவனாகவும் பேசப்படும் சாம்புவன் கூத்தில் ஏவலாளனாக ஒதுங்கி நிற்பவனல்லன். பன்றியை வீழ்த்தும் வீரன் அவன். தப்பு அடிப்போரை அடித்தட்டில் வைத்த சமூகம், தப்பு இல்லாமல் தன் வீரனை எழுப்பவோ வீழ்த்தவோ இயலாதிருந்தது. தங்காளின் பாத்திரமும் சிந்தனைக்குரியது. அதனை மரபாக ஆண்களே தாங்கினர்; எனினும் களத்திற் பிணம் தேடிச் செல்லும் பெண்ணின் புலம்பல், மலைகளிற் கொழுந்து பறித்தும் ஒப்பாரி பாடியும் வாழ்ந்த பெண்களிடமிருந்தே தன் இசையைப் பெற்றிருக்கவேண்டும்.

காமன் கூத்தை ஒப்பிட்டால் நிலைக்களத்தின் வலிமை இன்னொரு பக்கத்திலிருந்தும் புலப்படும். மாசி அமாவாசைக்குப் பின் பிறை கண்டு காமன் ஊன்றப்படுகிறது. கொம்பும் தழையும் சேர்த்துக் கட்டி நட்ட அக்கம்பமே கூத்தின் நடுவிடம். இரதியும் மதனும் லயம் லயமாக வருகின்றனர். வீட்டார் அவர்களை வரவேற்கின்றனர். நிறைமதி நாளில் சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான், இரதி புலம்புகிறாள், பின் அவன் உயிர்பெறுகிறான். இதன் நிலைக்களம் கைலாயம். கைலாயத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லை. கம்பம் நட்ட இடமெல்லாம் கைலாயமே. லயத்து வாசலிற் காமன் எரிவதற்கு எந்த நாட்டின் குடியுரிமையும் வேண்டியதில்லை. ஆகவே காமன் கூத்துத் தோட்டத்தையே தன் மேடையாக்கி, மலையகத்தின் அடையாளமாகவே ஓங்கிற்று. பொன்னர் சங்கரைவிட இன்று பரவலாக ஆடப்படுவதும் அதுவே. செலவும் ஆட்டக்காரர் தொகையும் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் நிலத்தைத் தன்னோடு தூக்கிச் செல்லும் கூத்துக்கும், நிலத்தைப் பின்னே விட்டுவந்த கூத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புறக்கணிக்க இயலாது.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இக்கதைக்கு எதிர்பாராத ஒரு பகுதியைச் சேர்த்தது. சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட அவ்வொப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். தலைமன்னாரிற் கப்பலேறியோருட் கூத்தாடியவர்களும் இருந்தனர். பல இரவுகளும் பல பாத்திரங்களும் வேண்டிய ஆட்டமொன்றிற் பொன்னர் ஒரு நாட்டுக்கும் சங்கர் இன்னொரு நாட்டுக்கும் எழுதப்பட்டால் கூத்து எஞ்சுவது கடினம். சென்றோரிற் பலர் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, நீலகிரிப் பகுதிகளிற் குடியமர்ந்தனர். பாட்டன் காலந்தொட்டுப் பாடலிற் கேட்ட வீரப்பூருக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவிற் சிலர் வாழ நேர்ந்தது. அங்கு அவர்கள் ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். பாடலில் இருந்த வளநாடு அவர்களை அறிந்திருக்கவில்லை. அவலோன் தொலைவிலிருந்து நோக்கும்வரையே அவலோன் என்பதை ஆங்கில நாவலாசிரியர் கற்பனையில் எழுதினர். இம்மக்களுக்கு அது ஒரு கடவுச்சீட்டோடு நிகழ்ந்தது.

இங்கு தங்கியோர்க்கு நிலை மெல்ல மாறியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் என்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தன. 2013இல் சுமதி சிவமோகன் மலையகத்தைக் களமாகக் கொண்டு இயக்கிய திரைப்படத்துக்கு ‘இங்கிருந்து’ என்று பெயரிட்டார். முந்தைய தலைமுறையின் கலை ‘அங்கு’ என்று பாடிய இடத்தில், இக்கலை ‘இங்கு’ என்ற சொல்லைத் தலைப்பாகவே வைத்தது. லயத்துக்குப் பதிலாகத் தனிவீடு, அதற்கு ஏழு பேர்ச்சு நிலம், அந்நிலத்துக்கு உறுதி என்பன அண்மைக் காலத்திற் பேசப்பட்டும் ஓரளவு வழங்கப்பட்டும் வருகின்றன. ஏழு பேர்ச்சில் ஒரு வீடும் சிறு முற்றமும் அடங்கும். படுகளம் ஒன்றிற்கு வேண்டிய வெளி அதில் இல்லை. அதற்கு இன்னமும் பிரட்டுக்களத்தையே கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது.